நமது கதைகளில் பிள்ளை வளர்ப்பவர் யார்?

நமது சிறுகதைகளில் வரும் சின்னப் பிள்ளைகள் பற்றி எனக்கு நீண்ட நாளாக ஒரு முறைப்பாடு உண்டு. அவர்களுக்கு மூக்கு ஒழுகுவதில்லை. வாயில் வைத்த சோற்றைத் துப்புவதில்லை. இரவு இரண்டு மணிக்கு எழும்பி விளையாட வேண்டுமென்று அடம்பிடிப்பதில்லை. கதையின் முதற் பந்தியில் கிழிந்த சட்டையோடு வாசலில் நிற்பார்கள். நடுவில் ஒரு கேள்வி கேட்பார்கள். கடைசிப் பந்தியில் வாசகரின் கண் கலங்குவதற்கு ஏற்றவாறு அழுவார்கள், அல்லது மௌத்தாகிவிடுவார்கள். அதற்கு மேல் அவர்களுக்கு அங்கே வேலை இல்லை.

இதைப் பகிடிக்காகச் சொல்லவில்லை. நாற்பது வருடத்துக்கு மேலாக நமது சஞ்சிகைகளையும் பத்திரிகைகளின் வாரப் பக்கங்களையும் விடாமல் வாசித்து வருகிறவள் நான். சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்தவள். மூன்று பிள்ளைகளை வளர்த்தவள். இப்போது பேரப்பிள்ளைகளுக்குச் சோறு தீத்திக்கொண்டிருப்பவள். சோறு தீத்துவது என்ற இந்தச் சொல்லையே நமது கதைகளில் நான் அரிதாகத்தான் கண்டிருக்கிறேன். 'உணவூட்டினாள்' என்று எழுதுகிறார்கள். உணவூட்டுவது ஆஸ்பத்திரியில் நடப்பது. வீட்டில் நடப்பது தீத்துவது.

நோன்பு கடைசிப் பத்தில் வெளியாகும் 'பெருநாள் உடுப்பு'க் கதை நம் எல்லோருக்கும் பழக்கமானது. வாப்பாவுக்குக் கூலி வேலை. கடைக்கார ஹாஜியாரின் பிள்ளைகளுக்குக் கொழும்பிலிருந்து உடுப்பு வந்துவிட்டது. இந்த வீட்டுப் பிள்ளைக்கு நாலு வயது. அது தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "நாங்கள் ஏன் உம்மா ஏழைகளாகப் பிறந்தோம்?" என்று கேட்கும். இந்தக் கேள்வியை எழுதிய கை ஒரு நாலு வயதுப் பிள்ளையோடு அரை நாள் இருந்ததில்லை என்பது என் அபிப்பிராயம். நாலு வயதில் 'பிறந்தோம்' என்பதும் இல்லை, 'ஏழைகள்' என்பதும் இல்லை. அந்த வயதில் நேற்றும் நாளையும் ஒன்றுதான். "நாளைக்கு மழ பேஞ்சிச்சிதானே உம்மா" என்று சொல்லும் வயது அது. என் நடு மகன் ஏறத்தாழ ஒரு வருடம், கழிந்துபோன எல்லா நாளுக்கும் 'நேத்து' என்றே பெயர் வைத்திருந்தான். நாலு மாதத்துக்கு முந்திய பெருநாளும் நேற்றுத்தான். அவன் பிறக்காத காலத்தில் நடந்த எங்கள் கலியாணமும் நேற்றுத்தான். அந்தக் கலியாணத்தில் தனக்கு வட்டிலப்பம் தரவில்லை என்று கோபித்துக்கொண்டும் இருந்தான். இந்த வயதுப் பிள்ளைக்கு வறுமை தெரியாது. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் சப்பாத்து நடக்கும்போது 'கீச் கீச்' என்று சத்தம் போடுவது தெரியும். வறுமையைப் பற்றி எழுத அந்தச் சத்தம் போதும். ஆனால் அந்தச் சத்தத்தைக் கேட்கக் கீழே குந்த வேண்டும். நமது கதாசிரியர்கள் நின்றுகொண்டே எழுதுகிறார்கள்.

இதே பண்டிகை உடுப்பை வைத்துத்தான் கு. அழகிரிசாமி 'ராஜா வந்திருக்கிறார்' எழுதினார். அங்கே தீபாவளி, இங்கே பெருநாள். மற்றபடி வீட்டின் வறுமை ஒன்றுதான். ஆனால் அந்தக் கதையில் பிள்ளைகள் முதலில் போட்டி போட்டு விளையாடுகிறார்கள். என்னிடம் இது இருக்கிறது, உன்னிடம் இருக்கிறதா என்று பணக்காரப் பிள்ளையோடு நடக்கும் அந்தப் போட்டியில் வறுமை முழுவதும் வந்துவிடுகிறது. ஒருவரும் அதன் பெயரைச் சொல்வதில்லை. பிறகு எங்கிருந்தோ வந்து சேர்ந்த அநாதைப் பையனை அந்தத் தாய் தன் பிள்ளைகளோடு சேர்த்துக் குளிப்பாட்டுகிறாள். கதையின் உயிர் அந்தக் குளிப்பாட்டலில் இருக்கிறது. இரக்கம் என்பது அவளுக்கு மனத்தில் தோன்றும் ஓர் உணர்ச்சியல்ல; கையால் செய்யும் ஒரு வேலை. கடைசியில் அவளுடைய பிள்ளை ஜமீன் மாப்பிள்ளையைப் பற்றிப் பெருமையடிக்கும் பையனிடம் போய், எங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருக்கிறான் என்று சொல்வது, அதுவரை நடந்த விளையாட்டில் அடித்த இன்னொரு அடிதான். பிள்ளைக்கு அது பந்தயம். நமக்கு அது வேறு. எழுத்தாளர் நடுவில் வந்து விளக்கவில்லை.

அவருடைய 'அன்பளிப்பு' இன்னும் நுட்பமானது. எல்லாப் பிள்ளைகளுக்கும் பிரியமான ஒரு மாமா. டயரி கிடைக்காத ஒரு பையன். சாரங்கன் தானே ஒரு டயரியைக் கொண்டுவந்து, தனக்கு அன்பளிப்பு என்று எழுதித் தரும்படி கேட்கிறான். பெரியவர்களின் எந்தத் துக்கத்துக்கும் குறையாத துக்கம் அது என்பது நமக்கு விளங்குகிறது. ஒரு விஷயத்தை இங்கே சொல்லி வைக்கிறேன். பிள்ளை பெற்ற பெண்கள்தான் இதையெல்லாம் எழுத முடியும் என்ற கட்சி எனக்கு இல்லை. அழகிரிசாமி ஓர் ஆண். கதையைச் சொல்பவனும் ஓர் ஆண்தான். பார்த்திருக்கிறார், அவ்வளவுதான்.

என் முறைப்பாட்டுக்கு ஒரு பதில் உண்டு. அது இலேசான பதிலுமல்ல. நமது எழுத்தில் பிள்ளை ஏன் சாவுக்கும் அழுகைக்கும் மட்டும் வருகிறது என்று கேட்டால், நம் ஊர்களில் நடந்ததைப் பார் என்று சொல்வார்கள். 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் சுடப்பட்டவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள். அதே வருடம் ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது இடுப்பில் பிள்ளையோடு நடந்த தாய்மார் எத்தனை பேர். 2004 டிசம்பர் 26 காலை கடல் வந்தபோது மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் தாயின் கையிலிருந்து பறிபோன பிள்ளைகள் எத்தனை. இதற்குப் பிறகு, பிள்ளை சோற்றைத் துப்பியதைக் கதையாக எழுதுவதா என்று ஒரு கூச்சம் வந்தது இயல்பே. அந்தக் கூச்சத்தை நான் மதிக்கிறேன்.

ஆனால் அந்த இழப்புகளைப் பற்றிய கதைகளையே எடுத்துப் பாருங்கள். மௌத்தான பிள்ளை எந்தப் பிள்ளை என்று நமக்குத் தெரிவதில்லை. அதற்குப் பெயர் இருக்கும், வயது இருக்கும், 'பால் மணம் மாறாத' என்று ஓர் அடைமொழி இருக்கும். நித்திரைக்குப் போகும்போது அது தாயின் காதுச் சோணையைப் பிடித்துக்கொண்டு தூங்கும் பிள்ளையா, தலையணை நுனியைச் சப்பும் பிள்ளையா? இது தெரியாமல் எதை இழந்தோம் என்று எப்படித் தெரியும்? சுனாமிக்குப் பிறகு எங்கள் கரைப்பக்கத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த உம்மாமார் பேசியதை நான் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறேன். அவர்கள் 'பிஞ்சு மலர்' என்று ஒருநாளும் பேசவில்லை. "முட்டைக்கரு மட்டும்தான் தின்னுவான், வெள்ளையத் துப்பிருவான்" என்று பேசினார்கள். திரும்பத் திரும்ப அதையே பேசினார்கள். நமது கவிதைகள் எழுதிய பிஞ்சு மலரைவிட அந்த முட்டை வெள்ளை கனமானது.

பழைய இலக்கியத்துக்கு இந்தக் கூச்சம் இருக்கவில்லை. புறநானூற்றின் 188ஆம் பாட்டு பாண்டியன் அறிவுடைநம்பி பாடியது. ஓர் அரசன், செல்வம் எவ்வளவு இருந்தாலும் பிள்ளை இல்லாத வாழ்வில் பயனில்லை என்று சொல்ல வருகிறான். சொல்ல வந்த கருத்து சாதாரணமானது. சொன்ன முறை அப்படியல்ல. குறுகக் குறுக நடந்து வந்து, சின்னக் கையை நீட்டி, நிலத்தில் வைத்து, தொட்டு, கவ்வி, கையை உள்ளே விட்டுத் துழாவி, நெய்ச் சோற்றை மேலெல்லாம் பூசிக்கொள்ளும் பிள்ளையை வினைச்சொல்லுக்கு மேல் வினைச்சொல்லாக அடுக்கிக்கொண்டு போகிறான். அடைமொழிக்கு அங்கே நேரமில்லை; பிள்ளை அவ்வளவு வேகமாக வேலை செய்கிறது. (அந்த இடத்தைக் கூட்டிக் கழுவியவள் யார் என்பது பாட்டில் இல்லை. அரண்மனைதானே, யாராவது இருந்திருப்பார்கள்.)

பிள்ளைத்தமிழும் அப்படித்தான் தொடங்கியிருக்க வேண்டும். மூன்றாம் மாதம் முதல் இருபத்தோராம் மாதம் வரையுள்ள காலத்தைப் பத்துப் பருவமாகப் பிரித்தவர்கள் தொட்டிலைப் பார்க்காதவர்களாக இருக்க முடியாது. ஒரு காலை மடக்கி மறு காலை நீட்டி, இரு கையும் ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடும் நிலைக்குச் 'செங்கீரை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இன்று கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ்ஸி அட்டையில் குறித்துக்கொள்ளும் அதே விஷயம். பிறகு சப்பாணி கொட்டுதல், முத்தம் கேட்டல், தளர்நடை போட்டு வரும்படி அழைத்தல், நிலாவைக் காட்டுதல், கட்டிய சிற்றிலைச் சிதைத்தல். ஆனால் இந்தப் பருவங்கள் காலப்போக்கில் வெறும் சட்டகமாகிப் பாட்டுடைத் தலைவரின் புகழ் அதில் நிரப்பப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் செய்யிது அனபிய்யாப் புலவர் நபிகள் நாயகத்தின் மீது பாடிய பிள்ளைத்தமிழைப் பற்றி நம்மவர்கள் எழுதும்போது, ஒரு தமிழ் மரபை இஸ்லாமிய மரபோடு இணைத்த சாதனையாகவே பேசுகிறார்கள். அது உண்மை. பாட்டுக்குள் பிள்ளை எங்கே இருக்கிறது, புகழ் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துக் காட்டும் வாசிப்புத்தான் நமக்குப் போதாமல் இருக்கிறது.

இதைவிட எனக்கு நெருக்கமானது ஹலீமா நாயகியின் சரித்திரம். உமறுப் புலவர் சீறாப்புராணத்தில் இதற்கென்று அலிமா முலையூட்டுப் படலம் என ஒரு படலமே ஒதுக்கினார். ஒரு பெருங்காப்பியத்தில் பாலூட்ட வந்த ஒரு செவிலிக்குத் தனிப் படலம்! காப்பியத்தை விட்டு, அதற்கு மூலமான சீறா வரலாற்றுக்கே போனாலும் அங்கே கிடைக்கும் விபரங்கள் ஆச்சரியமானவை. பனூ ஸஃது கூட்டத்துப் பெண்கள் வரட்சியான ஒரு வருடத்தில், பாலூட்ட எடுக்கும் பிள்ளைகளைத் தேடி மக்காவுக்கு வருகிறார்கள். ஹலீமாவின் இடுப்பிலும் ஒரு கைக்குழந்தை. தாயிடம் பால் இல்லை. ஒட்டகத்திலும் பால் இல்லை. பிள்ளை பசியால் அழுவதால் வீட்டாருக்கு இரவில் உறக்கமில்லை. தந்தையில்லாத பிள்ளை என்பதால் மற்றப் பெண்கள் எடுக்கத் தயங்கிய குழந்தையை, வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல் இவர் எடுக்கிறார். அன்றிரவு இரண்டு பிள்ளைகளும் வயிறு நிறையக் குடித்து உறங்கின, பெரியவர்களும் உறங்கினார்கள்.

இந்தக் கடைசி விபரத்தில்தான் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுவேன். மவ்லித் மஜ்லிஸுகளிலும் மேடைகளிலும் பரக்கத்தைப் பற்றிப் பேசுவார்கள். ஒட்டகத்தின் மடி சுரந்ததைப் பற்றிப் பேசுவார்கள். உறங்கினார்கள் என்பதை ஒரு வார்த்தையில் கடந்துவிடுவார்கள். பிள்ளை வளர்த்தவர்களுக்குத் தெரியும் அந்த உறக்கம் என்னவென்று. நாலைந்து நாள் காய்ச்சலுக்குப் பின் பிள்ளையின் நெற்றி வேர்த்து, அது தன்பாட்டில் நித்திரையாகிவிட்ட இரவில், பாயின் ஓரத்தில் தலை வைக்கும் அந்த நேரத்துக்கு ஈடு ஒன்றுமில்லை. ஹலீமாவின் வாயாலேயே சொல்லப்பட்டதாக வரும் அறிவிப்பு அது; அதனால்தான் உறக்கம் அதில் தப்பிப் பிழைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். ஓர் ஆண் சொல்லியிருந்தால் ஒட்டகம் மட்டும் மிஞ்சியிருக்கும்.

இங்கே நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளை வளர்ப்பின் சந்தோஷம் அந்த வேலைக்கு வெளியே தனியாக எங்கும் இருப்பதில்லை. நமது எழுத்தாளர்கள் 'மழலை இன்பம்' என்று எழுதும்போது அதை வேலையிலிருந்து பிரித்தெடுத்து, சாய்மனைக் கதிரையில் இருக்கும் வாப்பாவின் மடியில் வைத்துவிடுகிறார்கள். கால் நீட்டியிருந்து, முழங்காலுக்குக் கீழே பச்சைப் பிள்ளையைக் கிடத்தி, இளஞ்சூட்டுத் தண்ணீர் வார்க்கும்போது முதல் வார்ப்புக்குத் திடுக்கிட்டு, இரண்டாம் வார்ப்புக்கு உடம்பைத் தளர விட்டு, மூன்றாம் வார்ப்புக்குக் கொட்டாவி விடும். அந்தக் கொட்டாவி தண்ணீர் வார்ப்பவளுக்கு மட்டுமே தெரியும். சூடை மீனைச் சோற்றோடு பிசையும்போது வாய் காகத்தின் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும். விரல் நுனி முள்ளுத் தேடிக்கொண்டிருக்கும். இது ஓர் அறிவு. நெய்தலும் மேசன் வேலையும் போல, பழகிப் பெற்ற அறிவு.

நமது எழுத்து இதை அறிவாக மதிக்காமல், தாய்மையின் இயல்பு என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டது. அதன் விளைவு கதைகளோடு நிற்கவில்லை. மூதூர் றிசானா நபீக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கடவுச்சீட்டில் வயது கூட்டப்பட்டு, 2005 இல் வீட்டுப் பணிப்பெண்ணாகச் சவூதிக்கு அனுப்பப்பட்டபோது அவளுக்கு 17 வயது. போன சில வாரங்களில், அவளுடைய பொறுப்பில் விடப்பட்ட நாலு மாதக் குழந்தை மௌத்தானது. போத்தலில் பால் கொடுக்கும்போது புரையேறியது என்று அவள் சொன்னாள். கொலை என்று வழக்கு நடந்தது; 2007 இல் தண்டனை விதிக்கப்பட்டது; 2013 ஜனவரி 9 இல் நிறைவேற்றப்பட்டது. அந்த மாதங்களில் நம்மவர்கள் எழுதிய கவிதைகள் பல. நான் வாசித்தவற்றில் பெரும்பாலும் வாளைப் பற்றியும் மணலைப் பற்றியும் ஓலைக் குடிசையைப் பற்றியும் எழுதியிருந்தார்கள். கோபம் நியாயமானது. ஆனால் அந்த அறைக்குள், அழும் ஒரு நாலு மாதப் பிள்ளையோடும் ஒரு பால் போத்தலோடும் தனியே விடப்பட்ட ஒரு குமரியின் கைகளுக்குள் போன கவிதையை நான் காணவில்லை.

போத்தலைச் சுடுதண்ணீரில் அவிப்பது, பால்மாவை அளந்து போடுவது, மணிக்கட்டில் ஒரு துளி விட்டுச் சூடு பார்ப்பது, தலையை உயர்த்திப் பிடிப்பது, குடித்து முடிந்ததும் தோளில் சாய்த்து ஏவறை வரும்வரை முதுகைத் தட்டுவது, வராவிட்டால் இன்னும் தட்டுவது. இதையெல்லாம் முதற் பிள்ளைக்கு எனக்குச் சொல்லித்தர உம்மா இருந்தார், மாமி இருந்தார், ராத்தா இருந்தார். மூன்று பேரும் மூன்று விதமாகச் சொல்லி என்னைக் குழப்பியதும் உண்டு. றிசானாவுக்கு அந்த வீட்டில் யார் இருந்தார்கள்? 'பெண்தானே, பிள்ளை பார்க்கத் தெரியாதா' என்ற நினைப்போடுதான் ஏஜென்சிக்காரரும், ஏற்றுக்கொண்ட வீட்டுக்காரரும், அவளுடைய வயதைக் கவனியாத மற்றவர்களும் நடந்துகொண்டார்கள். அதே நினைப்புத்தான் நமது கதைகளிலும் இருக்கிறது. வரட்சியால் ஊர் விட்டு ஊர் போய் இன்னொருவர் பிள்ளைக்குப் பாலூட்டிய ஹலீமாவுக்குக் காப்பியத்தில் படலம் பாடிய மொழி இது. அந்த மொழியில் எழுதும் நாம் றிசானாவைப் பற்றி எழுதியபோது பால் போத்தலைத் தொடவில்லை.

மத்திய கிழக்குக்குப் போன உம்மாமாரைப் பற்றிய நமது கதைகளிலும் இதுதான் குறை. அங்கே அவள் படும் பாடு எழுதப்படுகிறது. இங்கே வாப்பா காசை அழிப்பது எழுதப்படுகிறது. உம்மம்மா அறுபது வயதில் மறுபடி ஏணை கட்டி, மறுபடி இரவு விழித்து, மறுபடி தீத்தத் தொடங்குவது இரண்டொரு வரிதான். அந்தப் பிள்ளை உம்மம்மாவை 'உம்மா' என்று கூப்பிடத் தொடங்கும் நாள் அந்தக் கிழவிக்குச் சந்தோஷமா, பயமா? ஒரு நல்ல கதைக்கு அது போதும். 2022 இன் நெருக்கடிக் காலத்தில் பால்மா வரிசையில் நின்ற வாப்பாவைப் பற்றிக் கதைகள் வந்தன. அந்தப் பக்கெட்டை எத்தனை நாளைக்கு நீட்டலாம் என்று கரண்டியால் கணக்குப் பார்த்த உம்மா, வரிசை முடிந்ததும் கதையும் முடிந்துவிட்டதால், வெளியிலேயே நின்றுவிட்டாள்.

தாலாட்டு நம்மிடம் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. கிழக்கிலங்கை முஸ்லிம் கிராமங்களின் நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்த நிந்தவூர் எஸ். முத்துமீரானுக்கு நாம் கடமைப்பட்டவர்கள். அனார் 2013 இல் 'பொடுபொடுத்த மழைத்தூத்தல்' என்று நம் பகுதியின் நாட்டார் காதல் பாடல்களைத் தொகுத்து நூலாக்கியபோது, 'கவி' என்று நாம் வீட்டுக்குள் வைத்திருந்தது தமிழ்நாட்டு வாசகர் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. காதல் கவிகளுக்குக் கிடைத்த அந்தக் கவனிப்பு தாலாட்டுக்கும் கிடைக்க வேண்டும். தாலாட்டைத் தாயன்பின் வெளிப்பாடு என்று பாடநூல் பாணியில் சொல்லி முடிப்பது எனக்கு உடன்பாடில்லை. அதை நான் நெல்லுக் குத்தும் பாட்டு, ஏற்றப் பாட்டு வரிசையில் வைப்பேன். பிள்ளை தூங்கினால்தான் அடுப்பு மூட்டலாம், பாய் இழைக்கலாம், அஸருக்கு வுளூச் செய்யலாம். ஏணைக் கயிற்றின் இழுப்புக்கு ஏற்ற தாளம் அது. அடித்தது யார், மாமியா, சாச்சியா என்று பிள்ளையைக் கேட்கும் சாட்டில் அந்த வீட்டின் வழக்குகள் எல்லாம் அதற்குள் வந்துவிடும். கலிமாவும் வரும், கோள் சொல்லலும் வரும். மாமிக்குக் கேட்கட்டும் என்றே சில வரிகள் உரத்துப் பாடப்படும்.

அச்சில் வரும்போது இதில் ஒன்று காணாமற் போகிறது. பாட்டு நடுவில் நின்று, "கண்ண மூடு எண்டெலுவா சொன்ன, சைத்தானே" என்று அதட்டிவிட்டு, விட்ட வரியிலிருந்து மறுபடி தொடங்கும் அந்த இடம். தொகுப்பவர்கள் அதைப் பாட்டின் பகுதியாகக் கருதாமல் வெட்டிவிடுகிறார்கள். மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று, மூதூர், மன்னார், புத்தளம் பக்கங்களில் மூத்தம்மாமாரின் குரலைப் பழைய கசெட்டுகளில் பதிந்து வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பூஞ்சணம் பிடிப்பதற்கு முன் அவற்றை ஒருமுறை கேட்டு, அதட்டலையும் இருமலையும் பிள்ளையின் முனகலையும் சேர்த்து அப்படியே எழுதி அனுப்பினால், சஞ்சிகையின் பக்கங்களில் அதற்கு இடம் ஒதுக்கும்படி ஆசிரியரைக் கேட்பது என் பொறுப்பு.